இரையுது என்றாள்

மகளுக்குக் காது போய்க்கொண்டிருந்த மாதங்களில் நான் ஓர் இசைத்தட்டைப் பாடவைப்பதற்காக அலைந்தேன். வேறு தகப்பனாக இருந்தால் வேளாங்கண்ணிக்கு நேர்த்தி வைத்திருப்பான். நானும் வைத்தேன்தான். ஆனால் என் பகல்களில் பெரும்பகுதி, ஒரு டேர்ன்டேபிளின் ஊசியிலிருந்து வரும் மிகச் சிறிய ஒலியை எதைக் கொண்டு பெருக்குவது என்ற கேள்வியில் போனது. இப்போது நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. ஆனால் அன்றைக்கு அதைவிட அவசரமான வேலை எனக்கு உலகத்தில் இருக்கவில்லை.

அவளுக்குப் பதினேழு வயது. மூளையைச் சுற்றியுள்ள சவ்வில் காசநோய் வந்து, இரண்டு மாதம் தினமும் ஊசி போட்டார்கள். அந்த ஊசி இல்லாவிட்டால் அவள் இன்று இல்லை. அதில் எனக்கு யார்மேலும் குறை கிடையாது. அந்த மருந்து சிலருக்குக் காது நரம்பைப் பாதிக்கும் என்று டாக்டர் முதலிலேயே சொல்லியிருந்தார். நாங்கள் தலையாட்டிக் கையெழுத்தும் வைத்தோம். உயிர் பிழைத்து வீட்டுக்கு வந்த பிறகுதான் காது போகத் தொடங்கியது.

முதலில் டெலிபோன் மணி போனது. பிறகு குருவிகள். பிறகு பேச்சில் ‘ச’ விழுந்தது. ‘சாப்பிட்டியா’ என்றால் ‘ஆப்பிட்டியா’ என்று கேட்கிறது என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் கொழும்பின் காலி வீதியில் பஸ் உறுமுவதும், எங்கள் ஒழுங்கையின் கடைசியில் கடற்கரை ரயில் போவதும் அவளுக்கு என்னைப் போலவே கேட்டன. டாக்டர் ஒரு படம் வரைந்து காட்டினார். கீச்சென்ற ஒலிகளின் பக்கம் முழுவதும் சரிந்து கிடந்தது. கனத்த பக்கம் இன்னும் நின்றது. இது இந்த இடத்தில் நிற்கவும் கூடும், முழுதாகப் போகவும் கூடும், வாரக்கணக்கிலா மாதக்கணக்கிலா என்று தன்னால் சொல்ல முடியாது என்றார்.

அவளுடைய தாய் இறந்தபோது அவளுக்கு இரண்டு வயது. தாயின் முகம் படங்களில் இருக்கிறது. குரல் இல்லை. கசெட்டுகள் இரண்டு இருந்தன. எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் வீட்டோடு எரிந்தன. அதன் பிறகுதான் கொட்டாஞ்சேனையை விட்டு வெள்ளவத்தைக்கு வந்தோம். மிஞ்சியது ஓர் இசைத்தட்டு. கலியாணத்துக்கு முன் என் மனைவி கொட்டாஞ்சேனையில் ஒரு கோயில் பாடகர் குழுவில் இருந்தாள். அந்தக் குழு ஒருமுறை தவக்காலப் பாட்டுகளை இசைத்தட்டாகப் போட்டது. இரண்டாம் பக்கத்தில் மூன்றாவது பாட்டு. முதல் சரணத்தை எல்லோரும் பாட, இரண்டாம் சரணத்தின் நான்கு அடிகளை அவள் தனியாகப் பாடியிருக்கிறாள்.

அந்தத் தட்டு வத்தளையில் மனைவியின் அக்கா வீட்டில் பத்துப் பதினைந்து வருஷமாகக் கிடந்தது. நான் கேட்டிருந்தால் என்றைக்கும் தந்திருப்பா. நான் கேட்கவில்லை. மகள் சிறுமியாக இருந்தபோது, அம்மாவின் குரல் எப்படி இருக்கும் என்று ஒருமுறை கேட்டாள். உன்னுடைய குரல் மாதிரித்தான் என்று சொல்லி முடித்துவிட்டேன். அந்த நான்கு அடிகளை நான் கேட்கத் தயாராக இருக்கவில்லை. அதுதான் காரணம். பிள்ளைக்கு நேரம் இருக்கிறது, பெரியவளான பிறகு கேட்கட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

காதின் கதையைக் கேள்விப்பட்டதும் மகளின் பெரியம்மா தானே தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தா. நீர்கொழும்பு பஸ்ஸில் சனத்துக்குள் அதை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு நின்றே வந்ததாகச் சொன்னா. மேசையில் வைத்துவிட்டு, “இனியாவது பிள்ளையைக் கேக்க வையும்,” என்றா. தேநீரும் குடிக்காமல் போனா.

தட்டு தேய்ந்திருந்தது. வருஷா வருஷம் திருநாளுக்குக் கனமான பழைய பிளேயர்களில் போட்டுப் போட்டு, தனிச் சரணம் இருந்த இடம் சாம்பல் நிறமாகிவிட்டது. எங்கள் பழைய பிளேயரில் போட்டபோது பொரியல் சட்டிக்குள்ளிருந்து யாரோ பாடுவது போல இருந்தது. எனக்கே சொல் பிடிபடவில்லை. மகளுக்கு என்ன கேட்கப்போகிறது.

நான் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் கிளார்க். கப்பல்களில் ரேடியோ அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் அங்கே வந்துபோவார். அவர்தான் வழி சொன்னார். பழைய ஊசிகள் பள்ளத்தின் மேல்விளிம்பைத்தான் தேய்த்திருக்கும், மெல்லிய நுனியுள்ள ஊசி அதற்கும் கீழே இறங்கும், அங்கே பாட்டு இன்னும் புதிதாக இருக்கக்கூடும் என்றார். தன்னிடமிருந்த டேர்ன்டேபிளையே தந்துவிட்டார். அதன் தலையில் ஊசியைத் தாங்கியிருந்த காட்ரிஜ், மூவிங் கொயில் என்று சொல்லப்படும் வகை. சாதாரண காட்ரிஜில் ஊசியோடு சேர்ந்து ஒரு சிறு காந்தம் ஆடும். இதில் தலைமயிரைவிட மெல்லிய கம்பிச் சுருள் ஆடும். பாரம் குறைவு என்பதால் பள்ளத்தின் அடிவரை ஊசி நுணுக்கமாகப் போகும். ஆனால் அந்தச் சுருளில் பிறக்கும் மின்சாரம் இல்லையென்று சொல்லும் அளவு சிறிது.

அது எனக்குத் தெரியவில்லை. வீட்டு அம்பிளிபயரில் கொடுத்துச் சத்தத்தை முழுக்கத் திருகியபோது, பக்கத்து அறையில் ஒரு நுளம்பு ரீங்கரிப்பது போலத்தான் பாட்டு கேட்டது. மகள் என் முகத்தைப் பார்த்து, “தொடங்கிற்றாப்பா?” என்றாள். பாட்டு பாதி முடிந்திருந்தது.

கொட்டாஞ்சேனையில் என் அலுவலகத்திலிருந்து நடக்கும் தூரத்தில் ஒரு ரேடியோ திருத்தும் கடை இருந்தது. கடைக்காரர் யாழ்ப்பாணத்துக்காரர், என்னைவிட ஏழெட்டு வயது இளையவர். நான் விஷயத்தைச் சொன்னதும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

“மூவிங் கொயிலோ? அண்ணை, ஓடுற கோயில் எண்டால் அது தேர். தேரை நாலுபேர் வடம் பிடிச்சு இழுக்கோணும். உங்கட அம்பிளிபயர் தனிய இழுக்காது.”

வேதக்காரர் எங்களுக்கும் கோயில்தான், தேரும் இருக்கிறது என்றேன். அப்படியென்றால் உங்களுக்கு விளங்கும் என்று சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. பல கிழமைகளுக்குப் பிறகு.

வடம் பிடிக்க இரண்டு வழி இருந்தது. ஒன்று, சிறிய ட்ரான்ஸ்போமர் சோடி. ஒலிப்பதிவு நிலையம் ஒன்றின் பழைய பெட்டியிலிருந்து கழற்றியது, தகரக் குடுவைக்குள் அடைத்தது. அதற்கு மின்சாரமே வேண்டாம். கம்பிச் சுற்றுகளின் கணக்கால் மட்டும் ஒலியைத் தூக்கிக் கொடுக்கும். மற்றது, அவரே செய்த ஒரு சேர்க்கிட், பற்றரியில் ஓடுவது. இரண்டையும் ஒன்றன் பின் ஒன்றாகப் பொருத்திக் காட்டினார். என் தட்டை அவரிடம் கொடுக்க எனக்கு மனமில்லை. அவருடைய சினிமாப் பாட்டுத் தட்டைப் போட்டார். கடையில் இருந்த ஸ்பீக்கர் உள்ளங்கை அகலம்.

பற்றரிச் சேர்க்கிட்டில் பாட்டு வந்தது. அதோடு மணலைச் சல்லடையில் போட்டு அரிப்பது போல ஒரு மெல்லிய ‘ஸ்ஸ்’ விடாமல் வந்தது. ட்ரான்ஸ்போமரில் அது இல்லை. பாட்டுக்கு முன் ஒரு அமைதி, அந்த அமைதிக்குள்ளிருந்து குரல். நான் கண்ணை மூடிக் கேட்டேன். இதுதான் என்று உடனே தெரிந்தது. ஏற்கனவே கேட்கச் சிரமப்படுகிற பிள்ளைக்கு இன்னொரு இரைச்சலையும் சேர்த்துக் கொடுப்பதா என்று கேட்டேன்.

அவர் ஒரு கணம் தயங்கினார். ட்ரான்ஸ்போமருக்கு வேறு குணம் இருக்கிறது, எங்கே வைக்கிறோம் என்பது முக்கியம், பக்கத்தில் கரண்டுச் சாமான் இருக்கக்கூடாது என்றார். பிறகு, “ஒருக்கா பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாங்கோவன். அவதானே கேக்கப்போறா,” என்றார்.

நான் மாட்டேன் என்றேன். வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு இரண்டு பஸ். இடையில் எத்தனை இடத்தில் ஆமிக்காரர் இறக்கி அடையாள அட்டை பார்ப்பார்கள் என்று சொல்ல முடியாத காலம். பின்னாலிருந்து ‘நில்’ என்று சத்தம் போட்டால் அவளுக்குக் கேட்காது. நோய்க்குப் பிறகு அவளை நான் ஒழுங்கை முனைக்குக்கூடத் தனியாக விட்டதில்லை. ட்ரான்ஸ்போமர் சோடியைப் பேப்பரில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தேன்.

வீட்டில் அதை அம்பிளிபயருக்கு மேலேயே வைத்தேன். வயர் கட்டையாக இருந்தது. வேறு இடமும் இல்லை. அலுமாரித் தட்டில் இருந்த சிறிய ஸ்பீக்கரில் முதலில் நானே கேட்டுப் பார்த்தேன். பதினைந்து வருஷத்துக்குப் பிறகு அந்தக் குரல். பொரியல் சத்தம் தூரத்தில் ஒதுங்கி நிற்க, நடுவில் தெளிவாக அவள். மூன்றாம் அடியில் மூச்சு எடுப்பதுகூடக் கேட்டது. நான் சமையலறைக்குப் போய்க் கொஞ்சநேரம் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

மகளுக்கு ஸ்பீக்கர் போதாது. பெரிய ஹெட்போன் ஒன்று இரவல் வாங்கியிருந்தேன். ஞாயிறு மத்தியானம், ரியூசன் பிள்ளைகளின் சத்தம் ஒழுங்கையில் இல்லாத நேரம் பார்த்து அவளைக் கதிரையில் இருத்தினேன். டேர்ன்டேபிளில் ஊசியை இறக்கக் குனிந்தபோது அவள், “இது எந்த ஊசியப்பா, அதுவோ இதுவோ?” என்று கேட்டாள். இரண்டு மாதம் ஊசி குத்தின பிள்ளையின் பகிடி. நான் ஊசியை இறக்கினேன். சத்தத்தை மெல்ல மெல்லக் கூட்டினேன். அவள் கண்ணை மூடியிருந்தாள். பிறகு புருவம் சுருங்கியது. ஒரு கையால் ஹெட்போனைத் தொட்டாள்.

“இரையுதப்பா.”

இந்தச் சொல்லைத்தான் அவள் மாதக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தாள். எங்கள் பேச்சில் காது இரைகிறது என்பதற்கும் கடல் இரைகிறது என்பதற்கும் பெட்டி இரைகிறது என்பதற்கும் ஒரே சொல். அந்த மருந்து காதைக் கெடுக்கும்போது உள்ளே ஓயாமல் இரையும். காலையில் எழும்பியதும் ‘இரையுது’ என்பாள். சாப்பிடும்போது சொல்லுவாள். இரையும்போது காதுக்கு வேலை கொடுக்கவேண்டாம், படுக்க விடுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவள் வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததும் நான் வழக்கம்போலப் பதறிப்போனேன். ஹெட்போனைக் கழற்றினேன். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். நெற்றியில் கை வைத்துப் பார்த்தேன். காய்ச்சல் வந்தால் நோய் திரும்பியிருக்கும் என்ற பயம் என்னை எப்போதும் விடாது. அவள் ஏதோ சொல்ல வாய் எடுத்தாள். பிறகு கேட்கலாம், அவசரம் இல்லை, படு என்றேன்.

அடுத்த ஞாயிறும் அப்படித்தான். இந்தமுறை சத்தத்தை இன்னும் கூட்டினேன். “கூட இரையுது,” என்றாள். நிறுத்தினேன். மூன்றாம் ஞாயிறும், நான்காம் ஞாயிறும். கிழமை நாட்களில் நான் வேலைக்குப் போனபோது அவள் அதைத் தொடுவதில்லை. தொடவேண்டாம் என்று நான்தான் சொல்லியிருந்தேன். காது நல்லாக இருக்கும் ஒரு நாள் வரும், அன்றைக்குப் போடலாம் என்று காத்திருந்தேன். காத்திருந்த நாட்களில் பஸ் சத்தமும் போகத் தொடங்கியது.

ஐந்தாம் கிழமை ஒரு நாள் பெரியம்மா அவளைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனா. நான் அரை நாள் லீவு எடுத்து வந்தும், அவர்கள் போய்விட்டிருந்தார்கள். வீட்டில் தனியாக இருக்கப் பயமாக இருந்தது. மனைவியின் குரலைக் கேட்போம் என்று தட்டைப் போட்டேன். மத்தியானத் தூக்கத்தில் இருந்த பக்கத்து வீட்டுக்காரருக்குத் தொந்தரவாக இருக்கும் என்று ஸ்பீக்கரை நிறுத்திவிட்டு, முதல் தடவையாக அந்த ஹெட்போனை நான் என் தலையில் மாட்டினேன்.

‘ம்ம்ம்ம்’ என்று ஒரு முழக்கம். தண்ணீர் மோட்டரைச் சுவருக்கு அப்பால் போட்டால் வருமே, அது. அடித்தொண்டையில் கனமாக, விடாமல். அதற்கு மேலே, தூரத்தில் மனைவி பாடினாள். எனக்கு இரண்டும் கேட்டன. கீச்சென்ற பக்கமெல்லாம் போன பிள்ளைக்கு மேலே இருந்தது கேட்டிருக்காது. கீழே இருந்தது மட்டும் கேட்டிருக்கும். சத்தத்தைக் கூட்டக் கூட்ட அதுதான் கூடியிருக்கும்.

தட்டு முடிந்து ஊசி நடுவில் தட்டித் தட்டி நின்றது.

கடைக்காரரிடம் போனேன். ட்ரான்ஸ்போமரை எங்கே வைத்தீர்கள் என்றுதான் முதலில் கேட்டார். சொன்னேன். அம்பிளிபயரின் கரண்டு முழக்கத்தை அது அப்படியே உறிஞ்சியிருக்கிறது, சின்ன ஸ்பீக்கருக்கு அவ்வளவு கனத்த சத்தம் போட வராது, அதனால் உங்களுக்குத் தெரியவில்லை என்றார். இந்தப் பிள்ளைக்குப் பற்றரிச் சேர்க்கிட்தான் சரி, அதன் ‘ஸ்ஸ்’ அவவுக்குக் கேட்டிருக்கவே மாட்டாது, எங்களுக்குத்தான் அது தொந்தரவு என்றார். நான் என் காதுக்கு வாங்கியிருந்தேன்.

பிறகு மெதுவாகக் கேட்டார். “பிள்ளை ஒண்டும் சொல்லேல்லையோ, அண்ணை?”

“சொன்னவ,” என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார்.

சேர்க்கிட்டை அன்றைக்கே கொண்டுவந்து பொருத்தினேன். ஹெட்போனை மாட்டிப் பார்த்தேன். முழக்கம் இல்லை. மணல் அரிக்கும் சத்தம் மட்டும், அதற்குள் குரல் பக்கத்தில். மகளைக் கதிரையில் இருத்தி, முதலில் ஆர்மோனியம் வரும், பிறகு எல்லோரும், பிறகு அம்மா தனியாக என்று ஒரு துண்டில் எழுதிக் காட்டினேன். அதற்குள் அவளுடன் பேசுவதைவிட எழுதுவது சுலபமாகிவிட்டிருந்தது. இந்தமுறை ஸ்பீக்கரையும் சேர்த்துப் போட்டேன், எந்த இடத்தில் பாடுகிறது என்று எனக்குத் தெரியவேண்டும்.

ஊசியை இறக்கினேன். ஆர்மோனியம் தொடங்கியது. அவள் தட்டு சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் எப்படி நின்றேனோ தெரியாது. அவள் கையை நெஞ்சில் வைத்துச் சிரித்தாள். “கேக்குதப்பா. அம்மா நல்லாப் பாடுறா,” என்றாள், தன் குரலின் அளவு தெரியாமல் உரக்க. ஸ்பீக்கரில் ஆர்மோனியம் இன்னும் முடியவில்லை. ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தாள். எல்லோரும் பாடும் சரணம் வந்தது. அவள் ஹெட்போனின் வயரை வளையம் வளையமாகச் சுற்றத் தொடங்கினாள். அவள் சுற்றிக்கொண்டிருக்கும்போதுதான் தாயின் நான்கு அடிகளும் அறைக்குள் வந்தன. மூன்றாம் அடியில் மனைவி மூச்செடுத்தாள். முடிந்தது.

டாக்டர் ஒரு மாதம் கழித்து, காதில் கேட்கும் சக்தி இனி ஒன்றும் மிஞ்சவில்லை என்று உறுதியாகச் சொன்னார். ஒரு மாதம் முன்னால் இருந்ததா, அந்த நான்கு ஞாயிறுகளில் இருந்ததா என்று அவரிடம் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

நாங்கள் பேசுவதற்கு இப்போது ஒரு கோடுபோட்ட கொப்பி இருக்கிறது. கறி, சந்தை, மழை, சோதனை என்று பக்கம் பக்கமாக நிறைந்துவிட்டது. எப்படியோ அந்த விஷயத்தை மட்டும் நான் அதில் எழுதவில்லை. போன மாதம்தான் எழுதினேன். அன்றைக்கு இரைந்தது உன் காது இல்லை, நான் வைத்த ட்ரான்ஸ்போமர், எனக்கு விளங்கவில்லை, என்னை மன்னித்துக்கொள் என்று. கொப்பியை அவள் பக்கம் தள்ளிவிட்டு யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் பென்சிலை எடுத்து எழுதினாள். தெரியும், நான் மிஷினைத்தான் சொன்னனான் என்று. அதற்குக் கீழே, நீங்கள் முகம் மாறி ஓடிப்போய்த் தண்ணி எடுத்துக்கொண்டு வந்தீங்கள், நெத்தியைத் தொட்டுப் பாத்தீங்கள், அந்தப் பயத்தைப் பாத்த பிறகு என்னத்தைச் சொல்லுறது என்று.

திரும்பவும் சொல்லியிருக்கலாமே பிள்ளை என்று எழுதினேன். எழுதிய உடனேயே அதை வெட்டியிருக்க வேண்டும். வெட்டவில்லை. அவள் வாசித்தாள். என் கண்ணுக்குத் தெரியும்படி, எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கிக் கீழே எழுதினாள்.

சொன்னனான் அப்பா. நாலு தரம் சொன்னனான்.